லிக்னின் கலந்த ஃபீனால் ரெசின்: 72 மணி நேரக் கொதியில் பிளை பிரிகிறது

பெரும்பாவூர் கெமிஸ்ட்:
இங்கே ஒரு பிளைவுட் ஆலையில் ரெசின் (பசை) பொறுப்பில் இருக்கிறேன். அதன் மூலப்பொருளான ஃபீனாலின் விலை கட்டுப்படியாகாததால், அதில் 30 சதவீதத்தைக் குறைத்துக் காகித ஆலைகளில் மரத்திலிருந்து பிரியும் லிக்னின் தூளைச் சேர்க்கச் சொல்லிவிட்டார் முதலாளி. வினை முடியும் தறுவாயில் தூளைக் கெட்டிலில் (பசை காய்ச்சும் கலன்) கொட்டுகிறோம். 12 மி.மீ. பலகை, ரப்பர் மரக் கோர் (நடு அடுக்கு), 140 டிகிரி, 12 நிமிடம். பிரஸ்ஸிலிருந்து இறங்கும்போது குறையில்லை, ஓரங்களில் சில குமிழ்களைத் தவிர. கடல்தரப் பிளைவுட்டுக்கான ஐ.எஸ். 710 படி 72 மணி நேரம் கொதிக்க வைத்துக் கத்தியை வைத்தால் நடு அடுக்கு கழன்று வருகிறது.

பசைக்காரர்:
பிரிந்த பரப்பில் மரநார் இருக்கிறதா? கொதித்த தண்ணீர் என்ன நிறம்?

பெரும்பாவூர் கெமிஸ்ட்:
நாரே இல்லை ஐயா, கறுத்துப் பளபளக்கிறது. தண்ணீர் கட்டங்காப்பி நிறம்.

பசைக்காரர்:
அப்படியானால் பசை வேகவே இல்லை. பசையை இறுக்கும் ஃபார்மால்டிஹைடு பிடித்துக்கொள்ள ஃபீனாலில் மூன்று இடங்கள் உண்டு. லிக்னின் வளையத்தில் மிஞ்சினால் ஒன்று. தைலமரக் கூழ் லிக்னினில் பல வளையங்களில் அதுவும் அடைபட்டிருக்கும். கடைசியில் கொட்டினால் அது காரத்தில் கரைந்து கிடக்கும், கொதிநீரில் வெளியே வந்துவிடும். முதலில் லிக்னினைக் காஸ்டிக் சோடாவில் கரைத்து, ஃபார்மலினில் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) ஒரு பங்கோடு சூட்டில் வினைபுரிய விடுங்கள், பிறகு ஃபீனால். லிக்னினை 15 சதவீதத்தில் தொடங்குங்கள், பிரஸ் நேரத்தையும் கூட்டுங்கள். தூளில் சாம்பல் எவ்வளவு என்று சப்ளையரிடம் கேளுங்கள்.

கோர் வெனீர்:
குமிழுக்குக் காரணம் ஈரம். வெனீர் (மரத்தாள்) கட்டின் மேல் தாளை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள், நடுவிலிருந்து உருவி அளக்க வேண்டும். 6 சதவீதத்தைத் தாண்டினால் உலர்த்திக்கே திருப்பி அனுப்புங்கள்.

புதியவன்:
சோயா மாவுப் பசைக்கு மாறிவிடலாமே? அமெரிக்காவில் 2005 முதல் நடக்கிறது.

பசைக்காரர்:
அது வீட்டுக்குள் வைக்கும் அலமாரிப் பலகைக்கு. 72 மணி நேரக் கொதிக்கு அதை நம்ப முடியாது. மாற்றுத்தான் வேண்டுமென்றால் கொல்லம் பக்கம் கிடைக்கும் முந்திரி ஓட்டு எண்ணெயின் கார்டனாலைப் பாருங்கள். தண்ணீரைத் தாங்கும், ஆனால் அதுவும் மெதுவாகத்தான் இறுகும்.

பெரும்பாவூர் கெமிஸ்ட்:
நடுத் தாள்கள் 11 சதவீத ஈரம் காட்டுகின்றன. கெட்டில் முறையைச் சிறிய அளவில் மாற்றிப் பார்க்கிறேன்.

பசைக்காரர்:
பாருங்கள். அதுவரை கிடங்கில் இருப்பதை 710 முத்திரையோடு வெளியே விடாதீர்கள்.