வால்வு ப்ரீஆம்ப் மாட்டினதுல இருந்து 'உம்ம்' சத்தம், உதவி பண்ணுங்க (புதுச்சேரி)

முத்தியால்பேட்டை_வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து வால்வு ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னாடி வர்ற, வால்யூம் வைக்கிற பெட்டி) வந்துச்சு, சாயங்காலமே மாட்டிட்டேன். ரெண்டு ஸ்பீக்கர்லயும் 'உம்ம்'னு சத்தம். வால்யூமை முழுசா குறைச்சாலும் அப்படியே இருக்கு. டேக்கை (DAC, டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலா மாத்துற பெட்டி) நேரா பவர் ஆம்ப்ல போட்டிருந்த வரைக்கும் சுத்தமா இருந்துச்சு. கேபிள் மாத்திப் பார்த்தாச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகணும். என்னவா இருக்கும்?

மஞ்சக்குப்பம்_ஆடியோ:
சார், எந்த ஊர் ஐட்டம், எத்தனை வோல்ட்? ப்ளக் ரெண்டு பின்னா மூணு பின்னா? ப்ரீ பின்னாடி என்னென்ன சொருகியிருக்கு, ஒண்ணு விடாம எழுதுங்க. சத்தம் எப்படி? அடித்தொண்டையில முனகுற மாதிரின்னா 50 ஹெர்ட்ஸ், கிரவுண்ட் லூப்பா (ரெண்டு எர்த்துக்கு நடுவுல கேபிள் வழியா கரெண்ட் சுத்துறது) இருக்க வாய்ப்பு அதிகம். வண்டு மாதிரி 'ர்ர்ர்'னா 100 ஹெர்ட்ஸ், பவர் சப்ளை ஃபில்டர் கண்டென்சரைச் சந்தேகப்படணும்.

நெல்லித்தோப்பு_டியூப்:
வால்வுதான். 12ஏஎக்ஸ்7 வால்வுல ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் நடுவுல லீக்கேஜ் வந்தா இப்படித்தான் உம்முன்னு இருக்கும். புது செட் வாங்கிப் போடுங்க.

லாஸ்பேட்டை_மூத்தவர்:
வால்வு கெட்டா ரெண்டு சேனல்லயும் ஒரே அளவு சத்தம் வராது. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய இருக்கும். இடது வலது வால்வை இடம் மாத்துனா சத்தமும் கூடவே மாறும். 1958-ல வந்த மராண்ட்ஸ் 7 ப்ரீல ஆறு 12ஏஎக்ஸ்7 இருக்கு, ஒழுங்கா பூமி கட்டினா அதுவே அமைதியா இருக்கும். தம்பி, இவ்வளவு விலையில ப்ரீ வாங்குனவர் முதல்ல ஒரு மல்டிமீட்டர் வாங்கியிருக்கணும். விவரம் இல்லாம கேட்டா நாங்க ஜோசியம்தான் சொல்லணும்.

முத்தியால்பேட்டை_வாசி:
அமெரிக்கா ஐட்டம், 120 வோல்ட். நம்ம ஊரு வோல்டேஜைக் குறைக்க 300 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருக்கேன். ப்ரீ, பவர் ஆம்ப் ரெண்டும் மூணு பின். சிடி பிளேயர், டேக், அவ்வளவுதான் சொருகியிருக்கு. சத்தம் அடித்தொண்டை மாதிரிதான். மீட்டர் பக்கத்து வீட்டுல இருக்கு.

வில்லியனூர்_சவுண்டு:
ரொம்ப சிம்பிள் ப்ரோ. ப்ரீயோட எர்த் பின்னைக் கழட்டி விட்டுடுங்க, சத்தம் போயிடும். எல்லாரும் இதான் பண்றாங்க.

மஞ்சக்குப்பம்_ஆடியோ:
தயவு செஞ்சு அதைச் செய்யாதீங்க. வால்வு ப்ரீ உள்ள 250, 300 வோல்ட் டிசி ஓடுது, டிரான்ஸ்ஃபார்மர் முதல் சுற்றுல மெயின்ஸ் இருக்கு. ஏதாவது ஒண்ணு சேஸியை (உலோகப் பெட்டியை) தொட்டா எர்த் வழியா ஃப்யூஸ் போகணும். எர்த் இல்லன்னா சேஸியே கரெண்டோட நிக்கும், வால்யூம் நாப்ல கை வைக்கிறவங்க வழியா இறங்கும்.

முத்தியால்பேட்டை சார், நீங்க பின்னைக் கழட்டாமலேயே உங்க ப்ரீக்கு எர்த் போகாம இருக்கலாம். விலை குறைஞ்ச ஸ்டெப்-டவுன்ல அவுட்புட் சாக்கெட்டோட எர்த் ஓட்டைக்குப் பின்னாடி வயரே இருக்காது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ப்ரீல இருந்து ஆர்சிஏ கேபிள் (சிக்னல் கேபிள்) எல்லாத்தையும் கழட்டுங்க. ஸ்டெப்-டவுன் ப்ளக்கைச் சுவர்ல இருந்து உருவி, அதோட பெரிய பின்னுக்கும் ப்ரீயோட சேஸி ஸ்க்ரூவுக்கும் நடுவுல ஓம்ல வச்சுப் பாருங்க. 1 ஓமுக்குக் கீழ வரணும்.

அரியாங்குப்பம்_வயரிங்:
என் பார்வையில எர்த் பிட்தான் (வீட்டு எர்த் மண்ணுல இறங்குற குழி) காரணம். கடலோரத்துல அதுல இருக்கிற ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் சீக்கிரம் அரிச்சுப் போகும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஏசி வோல்ட் பாருங்க. 3 வோல்ட்டுக்கு மேல போனா பிட்டை, நியூட்ரல் ஜாயிண்டை ரெண்டையும் பார்க்கணும். பழைய குழியைத் தோண்டி உப்பு, கரி மாத்தி, வாரம் ரெண்டு தடவை தண்ணி ஊத்துங்க.

லாஸ்பேட்டை_மூத்தவர்:
உப்பு போட்டா பைப் இன்னும் வேகமா அரிக்கும். நம்ம ஊரு நிலத்தடி நீரே உப்பு, மேல எதுக்கு? காப்பர் பூசின ராடும் பெண்டோனைட் களிமண்ணும் போடச் சொல்லுங்க.

அரியாங்குப்பம்_வயரிங்:
அண்ணே, வீடு வீடா நாங்க போடுறது உப்பு கரிதான். கோடையில மணல் காஞ்சு கிடக்கும்போது ஈரத்தைப் பிடிச்சு வைக்க உப்பு வேணும். அரிக்கும்னு தெரியும், அதனாலதான் தடிச்ச பைப் போடுறோம்.

லாஸ்பேட்டை_மூத்தவர்:
எல்லாரும் போடுறாங்கங்கிறது காரணம் ஆகாது. எத்தனை வருஷம் கழிச்சு எத்தனை ஓம் வருதுன்னு அளந்தா தெரிஞ்சிடும்.

மஞ்சக்குப்பம்_ஆடியோ:
ரெண்டு பேரும் சொல்றது வீட்டுப் பாதுகாப்புக்கு முக்கியம். ஆனா இந்தச் சத்தத்துக்கு விடை அதுல இல்ல. ரெண்டு வேற வேற எர்த் ஒரே சிஸ்டத்துல வந்து சேரும்போதுதான் லூப் வரும். உங்க வீட்டுப் பிட்டை எவ்வளவு நல்லா போட்டாலும் ரெண்டாவது எர்த் எங்கயோ இருந்து வந்துக்கிட்டே இருக்கும்.

அது எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும். பவர் ஆம்பை ஆஃப் பண்ணி ஒரு நிமிஷம் விட்டு, ப்ரீ இன்புட்ல இருக்கிற எல்லா கேபிளையும் உருவுங்க. பவர் ஆம்புக்குப் போற ஜோடி மட்டும் இருக்கட்டும். ப்ரீயை முதல்ல போடுங்க, வால்வு சூடாக ஒரு நிமிஷம், அப்புறம் பவர் ஆம்ப். சத்தம் இல்லன்னா மறுபடி ஆஃப் பண்ணி ஒவ்வொண்ணா சொருகுங்க. எதைச் சொருகும்போது வருதோ அதுதான். எல்லாத்தையும் உருவியும் சத்தம் இருந்தா, ஸ்டெப்-டவுனை ப்ரீக்குப் பக்கத்துல வச்சிருக்கீங்களான்னு பாருங்க, ஒரு மீட்டர் தள்ளி வைங்க.

இன்னொண்ணு. டிவி ஏதும் சேர்ந்திருக்கா?

முத்தியால்பேட்டை_வாசி:
டிவி ஹெட்போன் ஓட்டையில இருந்து ஒரு வயர் ப்ரீயோட ஆக்ஸ் இன்புட்ல இருக்கு. ஆனா அதைக் கேக்கறதே இல்ல. செலக்டர் சிடியிலதான் இருக்கு. அதான் எழுதல.

மஞ்சக்குப்பம்_ஆடியோ:
அங்கதான் இருக்கு சார். பெரும்பாலான ப்ரீல செலக்டர் சிக்னலை மட்டும்தான் மாத்தும். எல்லா ஆர்சிஏ ஜாக்கோட வெளி வளையமும் உள்ள ஒரே கிரவுண்டுல சேர்ந்திருக்கும். டிவியைத் தேர்ந்தெடுக்காட்டியும் அதோட கிரவுண்ட் ப்ரீக்குள்ள வந்துடுது.

செட்டாப் பாக்ஸ் கோஆக்சியல் வயர் தெருக் கம்பத்துல இருந்தோ மாடியில இருக்கிற டிஷ்ல இருந்தோ தன்னோட எர்த்தைக் கொண்டுவருது. அந்தக் கரெண்ட் டிவி, ப்ரீ, பவர் ஆம்ப் போற கேபிளோட ஷீல்டு (வெளிக் கம்பி உறை), பவர் ஆம்ப் எர்த்னு ஓடுது. ஷீல்டுல 0.05 ஓம், 50 மில்லியாம்ப் ஓடினா 2.5 மில்லிவோல்ட். இது வால்யூமுக்குப் பின்னாடி சேருறதால வால்யூமைக் குறைச்சாலும் குறையாது. 26 டெசிபல் கெயின், அதாவது 20 மடங்கு, பவர் ஆம்ப்ல போனா ஸ்பீக்கர்ல 50 மில்லிவோல்ட். ராத்திரி அமைதியில நல்லாவே கேக்கும். முன்னாடி டேக் நேரா இருந்தப்போ டிவி இந்தச் சங்கிலியிலயே இல்ல, அதனால சுத்தம்.

அந்த வயரை ப்ரீல இருந்து உருவி, வயரோட வெளி வளையத்துக்கும் ஜாக்கோட வெளி வளையத்துக்கும் நடுவுல ஏசி வோல்ட் பாருங்க.

முத்தியால்பேட்டை_வாசி:
4 வோல்ட் காட்டுது.

நெல்லித்தோப்பு_டியூப்:
அப்போ வால்வு இல்ல, நான் சொன்னது தப்பு. கோஆக்ஸ் ஐசொலேட்டர்னு, அந்த வயர்ல வர்ற எர்த்தைத் துண்டிக்கிறது, சின்னதா கிடைக்கும், செட்டாப் பாக்ஸுக்கு முன்னாடி போட்டா போதும்.

மஞ்சக்குப்பம்_ஆடியோ:
கேபிள் டிவின்னா சரி. டிஷ்னா அது ஆகாது. டிஷ் தலைக்கு அதே வயர்லதான் 13 அல்லது 18 வோல்ட் டிசி போகுது, ஐசொலேட்டர் அதைத் தடுத்தா படமே வராது. டிவியில ஆப்டிக்கல் அவுட் இருந்தா அதை டேக்குக்குக் கொடுங்க. அதுல உலோகமே இல்ல, லூப் வர வழியில்ல. டிவி ஆடியோ செட்டிங்ல பிசிஎம் (சாதா டிஜிட்டல் ஸ்டீரியோ) வைக்கணும், டால்பி வச்சா ஸ்டீரியோ டேக்ல சத்தம் வராது, இல்ல இரைச்சல்தான் வரும்.

வில்லியனூர்_சவுண்டு:
டேக்ல வால்யூம் இருந்தா ப்ரீயே தேவையில்லயே?

லாஸ்பேட்டை_மூத்தவர்:
அது தனிக் கேள்வி. இவர் பார்க்க வேண்டியது பவர் ஆம்போட இன்புட் இம்பீடன்ஸ் (உள்ள வர்ற சிக்னலுக்கு அது கொடுக்கிற தடை). வால்வு ப்ரீ அவுட்புட் கண்டென்சர் 1 மைக்ரோஃபாரட்னு வச்சுக்குங்க. 47 கிலோ ஓம் ஆம்புக்கு 3.4 ஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் இறங்கும், கவலையில்ல. 10 கிலோ ஓம்னா அது 16 ஹெர்ட்ஸ். அதே 10 கிலோ ஓமுக்குக் கண்டென்சர் 0.47 போட்டிருந்தா 34 ஹெர்ட்ஸ், தவில் அடி மெலிஞ்சு போகும். தம்பி, உங்க ஆம்ப் எத்தனை?

முத்தியால்பேட்டை_வாசி:
டிவியை ஆப்டிக்கல்ல டேக்குக்கு மாத்திட்டேன். சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

மஞ்சக்குப்பம்_ஆடியோ:
சந்தோஷம் சார். ஸ்டெப்-டவுன் எர்த் அளவு எத்தனை ஓம் வந்துச்சு? அங்க வயர் இல்லன்னா உங்க ப்ரீக்கு இப்போ இருக்கிற ஒரே எர்த், பவர் ஆம்புக்குப் போற ஆர்சிஏ கேபிளோட மெல்லிய ஷீல்டுதான். அந்தக் கேபிளைக் கழட்டின நிமிஷம் அதுவும் இல்ல. 1.5 ஸ்கொயர் எம்எம் பச்சை வயர் இன்புட் எர்த்ல இருந்து அவுட்புட் சாக்கெட்டுக்கு ஒரு எலக்ட்ரீஷியனை வச்சு இழுத்துடுங்க.

அரியாங்குப்பம்_வயரிங்:
ரெண்டு நாளாச்சு. ஓம் பார்த்தீங்களா சார்?