ஆஃப்லைனில் போட்ட அறுவடைக் கணக்கு வேறு ஆள் பெயரில் ஏறுகிறது

பண்ணை அறுவடையைப் பதிய ஒரு வெப் ஆப் செய்திருக்கிறேன். சர்வரில் ஜாங்கோ 4.2, தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 15, போனில் ஆண்ட்ராய்டு குரோம். வயலில் சிக்னல் கிடையாது. எடைப் பதிவுகள் இன்டெக்ஸ்டுடிபியில் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் சேமிப்பிடம்) தங்கி, சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போகும்.

ஒரே போனை இரண்டு மேற்பார்வையாளர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். காலையில் ஒருவர் போட்ட மூட்டைக் கணக்கு, மாலையில் அடுத்தவர் லாகின் செய்ததும் அவர் பெயரில் ஏறிவிடுகிறது. கூலியே இந்த எடையை வைத்துத்தான். இந்த அறுவடைக்கு ஆப்பை வயலில் இறக்கியதிலிருந்தே இப்படித்தான்.

லாகினில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (வேறு தளம் பயனர் பெயரில் போலிக் கோரிக்கை அனுப்பாமல் தடுக்கும் ரகசியக் குறி) மாறுவதால் முதலில் 403 (அனுமதி மறுப்பு) பிழை வந்துகொண்டிருந்தது. அனுப்பும் நேரத்தில் குக்கீயிலிருந்து புது டோக்கனை எடுத்ததும் அது நின்றது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு யூயூஐடி (தனித்துவ அடையாள எண்) கொடுத்ததில் இரட்டைப் பதிவும் ஒழிந்தது. அப்புறம் பயனர் ஐடியையும் சேர்த்து அனுப்பினேன். ஆனால் பிரவுசரில் அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாமே, சர்வர் எதை நம்பும்? பதிவுகள் போகும்வரை லாக்அவுட்டைத் தடுத்தும் பார்த்தேன். செஷன் (லாகின் செல்லுபடியாகும் காலம்) தானாகக் காலாவதியானால் அதுவும் வீண். (சிஎஸ்ஆர்எஃப் சோதனையை அணைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.)

பொதுப் போனில், செஷன் முடிந்த பிறகும் இந்தப் பதிவு இவர் போட்டதுதான் என்று சர்வர் உறுதிசெய்ய, வெப் கிரிப்டோவில் (பிரவுசரிலேயே உள்ள குறியாக்க வசதி) ஆளுக்கொரு சாவி வைத்துக் கையொப்பமிட்டால் போதுமா, வேறு வழி உண்டா?