மறு: ரா டேட்டாவுக்குத் தமிழ் (வியாழனுக்குள் வேண்டும்)

உடுமலையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். வானிலைச் செயற்கைக்கோள் படங்களைப் பற்றிப் பள்ளிகளுக்கு ஒரு கையேடு போடுகிறோம், வியாழக்கிழமை கோவை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இன்சாட் 3டிஆர், 3டிஎஸ் அனுப்புவதை வாங்குவது, திருத்துவது, சேர்த்து வைப்பது, கேட்பவருக்குக் கொடுப்பது என்று நாலு பாடம். 'ரா டேட்டா'வில் மாட்டிக்கொண்டேன். செயற்கைக்கோளிலிருந்து இறங்கியபடியே, யாரும் கை வைக்காமல் இருப்பது, இஸ்ரோ கணக்கில் நிலை 0; திருத்தத் திருத்த நிலை 1, 2, 3 என்று ஏறும். பச்சை மஞ்சள், பச்சைக் கடலை என்கிறோமே, அந்தக் கணக்கில் 'பச்சைத் தரவு' என்று எழுதிவிட்டேன். சரிதானுங்களா?

ஈரோட்டிலிருந்து:

வழி சரி அம்மிணி, புணர்ச்சிதான் போதாது. பசுமை + தரவு = பைந்தரவு. ஈறு போய், அடி அகரம் ஐ ஆகி, இனம் மிகுந்து, பைந்தார் போல. நன்னூலே வழி விட்டிருக்கிறது. பைந்தமிழ் என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்களுக்குப் பைந்தரவு மட்டும் ஏன் கசக்க வேண்டும்? இன்னொன்று. தரவு என்பது கலிப்பாவின் முதல் உறுப்பு. தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம். உங்கள் நிலை 0, 1, 2, 3 நாலுக்கும் பெயர் எப்போதோ தயார்!

கோவையிலிருந்து:

ஐயா, கடற்பரப்பு வெப்பநிலை நிலை 2. அதைத் 'தனிச்சொல்' என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் எழுந்து தமிழ் வகுப்புக்கே போய்விடுவார்கள்.

பச்சையோ பைந்தோ, இரண்டிலும் நிறம் ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்கே வேளாண் மாணவர்கள் நாளெல்லாம் படத்தில் பயிர்ப் பசுமையை அளந்து தாவரக் குறியீடு போடுகிறவர்கள், பச்சைத் தரவு என்றால் பயிர் கணக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் இன்சாட் படக்கருவியின் ஆறு அலைவரிசையிலும் புள்ளிக்குப் புள்ளி வருவது 0 முதல் 1023 வரை ஏதோ ஓர் எண், அவ்வளவுதான். அதை வெப்பநிலையாக மாற்ற வேண்டும், அட்சம் தீர்க்கம் பொருத்த வேண்டும். வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 4 கிலோமீட்டர், ஐந்தாறு புள்ளி தள்ளிப்போனால் ஆனைமலை மேல் நிற்கிற மேகம் பொள்ளாச்சி மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். பேசாமல் மூலத்தரவு என்று போடுங்கள், எல்லாருக்கும் தெரிந்த சொல்.

கோபியிலிருந்து:

மூலம் வடசொல். 'முளை'யிலிருந்து வந்தது என்று ஈரோட்டு ஐயா கிளம்புமுன் சொல்லிவைக்கிறேன், அந்தச் சண்டை ஏற்கெனவே போட்டாயிற்று. தவிர மூலத்தரவு என்றதும் எனக்கு 'மூலம், பவுத்திரம்' போர்டுதான் கண்ணில் நிற்கிறது. 'பண்படாத் தரவு' எப்படி? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், குறை சொல்ல முடியாது. இன்னும் தோண்டினால், தருவது தரவு, வானத்திலிருந்து நாம் வாங்குவது பெறவு அல்லவா?

பெருந்துறையிலிருந்து:

கச்சா என்று போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். கச்சா எண்ணெய் பேப்பரில் தினமும் வருகிறது.

அப்புறம் ஒரு விஷயம், கையேட்டில், வீட்டு ஆன்டெனாவிலேயே படம் பிடிக்கிற 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்க வானிலைக் கோள்கள் நோவா 15, 18, 19 மூன்றையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள், அந்தப் பக்கம் இனி ரஷ்யாவின் மீட்டியோர்தான். நோவா இருந்தவரை என் மொட்டைமாடி ஆன்டெனாவுக்கு ரா என்பது ஒரு ஒலிப்பதிவு. டிக்டிக் என்று ஓடும், நொடிக்கு இரண்டு வரி படம். அதைப் பச்சை என்றாலும் மூலம் என்றாலும் காதுக்கு ஒன்றுதான்.

கோபியிலிருந்து:

கச்சா இந்தி. அடுத்தவர்.

கோவையிலிருந்து:

கோபி அண்ணா, 'பண்படாத்' என்றால் ஏதோ மட்டச் சரக்கு மாதிரி ஆகிறது. நடப்பு நேரெதிர். அளவீட்டில் பிழை என்று பின்னால் தெரிந்தால், சேமித்து வைத்த நிலை 0 வரை இறங்கி, அங்கிருந்து மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும். படம் போனால் திரும்பச் செய்துகொள்ளலாம், இது போனால் போனதுதான். காடு வாங்கும்போது மூலப்பத்திரம் கேட்கிறோமே, அந்த மூலம்தான் இது. நோய் யாருக்கும் ஞாபகம் வராது.

உடுமலையிலிருந்து:

சரிங்க. மூலத்தரவு என்றே திருத்திவிட்டேன், நான்கைந்து பேர் தனியாகவும் எழுதி ஒப்பினார்கள். பயிற்சிப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் 'பச்சையாக இருக்கும் மூலத்தரவு' என்று விட்டிருக்கிறேன், கோவைத் தம்பி கண்டுகொள்ள வேண்டாம்.

ஈரோட்டிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். பைந்தரவு நிற்கும்.

கோபியிலிருந்து:

ஒரு நிமிடம். மூலப்பத்திரத்தைத் தாய்ப்பத்திரம் என்றும்தானே சொல்கிறார்கள்? அப்படியானால் தாய்த்தரவு! வடமொழியும் இல்லை, வைத்தியர் போர்டும் இல்லை. அம்மிணி, அச்சகம் காலையில் எத்தனை மணிக்குத் திறக்கும்?