சந்துக்கு மேல தெரியுற வானம்: படத்தை வெளியில மாட்டலாமா, சுவர்லயே வரையலாமா?

மொட்டைமாடி (கேள்வி)
வியாசர்பாடியில ஹவுசிங் போர்டு வீடு. எங்க பிளாக்குக்கும் எதிர் பிளாக்குக்கும் நடுவுல ஒரு ஆட்டோ போற சந்துதான். அண்ணாந்து பார்த்தா வானம் ஒரு நீளப் பட்டை. குறுக்கே கேபிள் ஒயர், துணிக்கொடி, ஓரத்துல கறுப்புத் தண்ணி டேங்க். சாயங்காலம் பக்கத்து மாடிக்காரர் புறா விடுவார். அந்தப் பட்டைக்குள்ள மொத்தமா வந்து ஒரு சுத்து சுத்தும், அடுத்த நொடி சுவர் மறைச்சிடும். இதைத்தான் கேன்வாஸ்ல அக்ரிலிக் பெயிண்ட்ல வரைஞ்சுட்டு வர்றேன்.

பொங்கலுக்குப் படங்களைச் சந்துலயே மாட்டச் சொல்றாங்க. குடியிருப்போர் சங்கத்துல ஒரு பிளாக்கோட கிழக்குப் பக்கச் சுவரை வரையவும் தர்றோம்னாங்க. இதை முதல்ல பார்க்க வேண்டியவங்க இங்க இருக்கிறவங்கதான்னு எனக்கும் தோணுது. ஆனா கேன்வாஸ் வெளியில தாங்குமா? இன்னொண்ணு, "தலைக்கு மேல இருக்கிற வானத்தை எதுக்கு சுவர்ல வரையணும்?"னு அண்ணன் கேக்குறான். என்ன சொல்றது?

பேனர் அண்ணாச்சி
தங்கச்சி, ஃபிளெக்ஸ் வர்ற வரைக்கும் சினிமா கட்-அவுட் வரைஞ்சவன் நான். கேன்வாஸைப் பகல்ல மாட்டு, ராத்திரி எடுத்து உள்ள வை. தை மாசப் பனி ஈரம் சட்டத்தை முறுக்கிடும்.

சுவர்னா பொங்கலுக்கு அவசரப்படாதே. வடகிழக்குப் பருவமழை குடிச்ச சுவர் நல்லாக் காயணும். உப்பு பூத்திருந்தா தண்ணி விட்டுக் கழுவாதே, கம்பி பிரஷ்ல உலர்வாச் சுரண்டு. புதுசாப் பூசின இடம் இருந்தா 28 நாளாவது ஆறட்டும். அப்புறம் எக்ஸ்டீரியர் பிரைமர், மேல எக்ஸ்டீரியர் எமல்ஷன். சின்னப் படத்துல கட்டம் போட்டு, சுவர்ல நூல் அடிச்சு அதே கட்டத்தைப் பெருசாக்கிக்கோ.

வானத்துல கஷ்டமே நீலத்தை வெளுப்போட இழைக்கிறதுதான். வெயில் பட்ட சுவர்ல எமல்ஷன் கை எடுக்கிறதுக்குள்ள காஞ்சு கோடு விழுந்துடும். கிழக்குச் சுவருக்கு மதியத்துக்கு மேல நிழல். அப்ப ரெண்டு பேர் சாரத்துல நில்லுங்க. ஒருத்தர் பூசப் பூச, இன்னொருத்தர் ஈர பிரஷ்ல ஓரத்தை இழுக்கணும்.

எழும்பூர் ஓவிய மாணவன்
அக்கா, உங்க அண்ணனுக்கு அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப்போட படங்களைக் காட்டுங்க. 1925-ல நியூயார்க்கை வரைய ஆரம்பிச்சப்போ, கட்டடங்களுக்கு நடுவுல மாட்டின வானத்தையும் ஒரு தெரு விளக்கையும் நிலாவையும்தான் வரைஞ்சாங்க. அந்தப் படத்துல வானத்தோட வடிவத்தை வெட்டிக் கொடுக்கிறதே கட்டடம்தான். அதே ஆள் 1965-ல, விமானத்துலேர்ந்து பார்த்த மேகங்களை 24 அடி அகலத்துக்கு வரைஞ்சாங்க. அது இப்ப சிகாகோ அருங்காட்சியகத்துல இருக்கு. ரெண்டும் வானம்தான். ஆனா முதல் படத்தை, அப்படி ஒரு தெருவுல நின்னு பார்த்தவங்களாலதான் வரைய முடியும். உங்க பட்டையும் அந்த ஜாதி. சுவர் பெருசா இருக்கேன்னு முழு வானத்தையும் பரப்பிடாதீங்க. ஒயரும் டேங்க்கும் இருக்கட்டும்.

இன்னொண்ணு: ஜான் கான்ஸ்டபிள்னு ஒரு இங்கிலாந்து ஓவியர் 1821, 22-ல லண்டன் ஹாம்ஸ்டெட்ல மேகங்களை வரைஞ்சப்போ, தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம்னு படத்துக்குப் பின்னால எழுதி வச்சார். நீங்களும் ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் நாளும் நேரமும் எழுதுங்க. "அன்னிக்கு மழை வந்துச்சே"ன்னு சனங்களே பேச ஆரம்பிச்சிடுவாங்க.

துரைப்பாக்கத்துக்காரி
நான் கண்ணகி நகர். கூவம், அடையாறு கரையில இருந்த சனங்களை 2000 வாக்குல கூட்டிட்டு வந்து குடிவச்ச இடம். 2020-ல தெரு ஓவியம் பண்ற ஸ்டார்ட் (St+art) இந்தியா அமைப்பு இங்க பிளாக் சுவர்கள்ல பெரிய ஓவியங்களை ஆரம்பிச்சாங்க. ஊர் பேரைச் சொல்லவே தயங்கின பிள்ளைங்க "அந்தப் படம் இருக்கே, அதுக்குப் பக்கத்து பிளாக்"னு இப்ப வழி சொல்றாங்க. அது பெரிய விஷயம், குறைச்சுப் பேசமாட்டேன்.

ஆனா சுவர்ல வர்ணம் ஏறினதால தண்ணி லாரிக்கு நிக்கிறது குறையாது. உங்க சுவர்ல கசியுற குழாய் இருந்தா முதல்ல அதைச் சரிபண்ணச் சொல்லுங்க, அப்புறம் பெயிண்ட். சங்கம் ஒத்துக்கிட்டது மட்டும் போதாது. சுவர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோடதா இருந்தா எழுத்துல அனுமதி வாங்கிடுங்க. அந்தச் சுவரைப் பார்த்து ஜன்னல் வச்சிருக்கிற வீடுகள்ல ஒவ்வொண்ணாப் போய்க் கேளுங்க. தினமும் முகத்துக்கு நேரா பார்க்கப்போறது அவங்கதான்.

மொட்டைமாடி
எல்லாருக்கும் நன்றி. பொங்கலுக்கு கேன்வாஸ் மட்டும், மாடிப்படி ஓரமா, தேதி நேரத்தோட. சுவர் மாசி மாசம். மூணாவது மாடிக் கழிவுக்குழாய் கசியுது, நாளைக்கே மனு எழுதுறோம். அண்ணாச்சி, மூணு மாடி உயரத்துக்கு சவுக்குக் கட்டைச் சாரம் போதுமா, இல்ல இரும்புச் சாரம் வாடகைக்கு எடுக்கணுமா?