பூனைக்குட்டிகளை எத்தனை கிழமையில் கொடுக்கலாம்?

வணக்கம். உவர்மலையில் எங்கள் வீட்டு விறகுக் கொட்டிலில் பூனை 4 குட்டி போட்டு இன்றோடு 6 கிழமை. நிலாவெளி மாமி இந்த ஞாயிறே இரண்டைத் தரச்சொல்லிக் கேட்கிறார். அவித்த சூடைமீன் தின்னத் தொடங்கிவிட்டன, ஆனாலும் இரவில் தாயிடம் பால் குடிக்காமல் உறங்குவதில்லை. குறைந்தது 8 கிழமை தாயோடு இருக்க வேண்டும், 12 என்றால் இன்னும் நல்லது, அது தெரியும். விளையாட்டில் பலமாகக் கடிக்கக்கூடாது என்பதையே கூடப்பிறந்த குட்டிகளிடம்தானே பழகுகின்றன.

என் கவலை கடைசிக் குட்டிதான். சரியான மெலிவு, மண் தட்டில் போகவும் இன்னும் பழகவில்லை. மற்ற மூன்றையும் 8 கிழமையில் கொடுத்துவிட்டு அதை மட்டும் தாயோடு விடலாமா, துணைக்கு ஒன்றையும் வைத்திருக்க வேண்டுமா? குட்டி வளர்த்துக் கொடுத்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கு முன் மாமிக்குப் பதில் சொல்ல வேண்டும்.