விலை குறைச்சுக் கேட்டுட்டு அப்புறம் "சரி"ன்னு சொன்னா ஒப்பந்தம் ஆகுமா?

கேள்வி:
பழைய கேமரா ஒண்ணு வாங்க ஒருத்தர்கூட மெசேஜ்ல பேசிட்டு இருந்தேன். ஒரு ரேட் சொல்லி "இதுக்கு உங்களுக்குத் தர்றேன், ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க"ன்னு எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை 10 பர்சென்ட் குறைக்கச் சொல்லி மெசேஜ் போட்டேன், பதிலே வரல. சனிக்கிழமை காலைல "சரி, நீங்க சொன்ன ரேட்டுக்கே எடுத்துக்குறேன்"னு அனுப்புனா, வேற ஆளுக்குக் குடுத்தாச்சுங்கிறார். ஞாயிறு வரைக்கும் டைம் குடுத்தது அவர்தானே, அப்போ இது ஒப்பந்தம் ஆயிடலையா? மனசே ஆறல.

பதில் 1:
ஆகலங்க. நீங்க குறைச்சுக் கேட்டது கவுன்டர் ஆஃபர், அதாவது அவர் சொன்னதை ஏத்துக்காம நீங்க வச்ச எதிர் ஆஃபர், அதோட அவர் ஆஃபர் காலி. 1840ல இங்கிலாந்துல ஹைட் எதிர் ரெஞ்ச்னு ஒரு கேஸ், பண்ணையை 1000 பவுண்டுக்குத் தர்றேன்னு ரெஞ்ச் சொல்றார், ஹைட் 950க்குக் கேக்குறார், ரெஞ்ச் முடியாதுங்கிறார், உடனே ஹைட் சரி 1000மே தர்றேன்னு வர்றார். ஒப்பந்தம் இல்லைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. உங்க சனிக்கிழமை மெசேஜும் புது ஆஃபர்தான், அவர் ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்ல.

பதில் 2:
அவசரப்படாதீங்க, விலை பேசினாலே ஆஃபர் போயிடாது. 1880ல ஸ்டீவன்சன் எதிர் மக்லீன் கேஸ்ல இரும்பு டன் 40 ஷில்லிங், ரொக்கம், திங்கக்கிழமை வரைக்கும் டைம். வாங்குறவங்க "ரெண்டு மாசத்துல டெலிவரி எடுத்துக்கலாமா"ன்னு தந்தி அடிச்சுக் கேக்குறாங்க, விக்கிறவர் பதில் சொல்லாம வேற ஆளுக்கு வித்துட்டு, வித்தாச்சுன்னு தந்தி குடுக்குறார், ஆனா அது வந்து சேர்றதுக்குள்ள இவங்க ஏத்துக்கிட்டோம்னு தந்தி அடிச்சுட்டாங்க. இவங்க கேட்டது வெறும் விசாரிப்பு, ஆஃபர் உயிரோடதான் இருந்துச்சுன்னு தீர்ப்பு. ஆஃபரை வாபஸ் வாங்குனாலும் அது எதிராளிக்குத் தெரியவந்தாத்தான் செல்லும். அதனால வெள்ளிக்கிழமை மெசேஜை அப்படியே போடுங்க, வார்த்தைலதான் எல்லாம் இருக்கு.

கேட்டவர்:
"10 பர்சென்ட் குறைச்சா எடுத்துக்குறேன், இல்லன்னா வேணாம்."

பதில் 2:
அய்யோ, அந்த "இல்லன்னா வேணாம்"லதான் போச்சு. "குறைக்க முடியுமா"ன்னு நிறுத்தியிருந்தா உங்க பக்கம் நின்னு வாதாடியிருப்பேன், இது நேரடி மறுப்பு. முதல் பதில் சொன்னது உங்க விஷயத்துல சரிதான்.

ஞாயிறு வரைக்கும்னு சொன்னது பத்தி, இதுல நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. காத்திருக்கேன்னு சும்மா சொன்னா பொதுவா அது கட்டுப்படுத்தாது, அந்த வாக்குக்குன்னு தனியா ஏதாவது குடுத்திருக்கணும். டிக்கின்சன் எதிர் டாட்ஸ், 1876, வெள்ளிக்கிழமை காலை 9 மணி வரைக்கும் வீடு உங்களுக்குன்னு டாட்ஸ் எழுதிக் குடுத்தும் வியாழனே வேற ஆளுக்குப் பேசி முடிச்சுட்டார், வாங்க இருந்தவருக்கு மூணாவது ஆள் மூலமா தெரிஞ்சுபோச்சு. அப்புறம் 9 மணிக்கு முன்னாடியே ஏத்துக்கிட்டேன்னு சொல்லியும் செல்லல. நீங்க டோக்கன் அட்வான்ஸ் மாதிரி ஏதாவது குடுத்தீங்களா?

கேட்டவர்:
இல்லங்க, ஒண்ணும் குடுக்கல. இப்போ புரியுது, ரொம்ப நன்றி.