ரீகோல் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் செசி நம்பரைப் பாருங்கள்

உவர்மலை உறுப்பினர்:
ரீகோல் என்பது பழுதான பாகத்தைத் திருத்தத் தயாரிப்பு நிறுவனம் வாகனங்களைத் திரும்ப அழைப்பது. அதற்கான கடிதம் கிடைத்ததும் மொடல் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே மொடல், ஒரே வருஷம் என்றாலும் ஒரு கார் ரீகோலுக்குள் வரும், பக்கத்து வீட்டுக் கார் வராது. தொழிற்சாலையில் எந்தத் தொகுதிச் சாமான் பூட்டினார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் அது. கடிதத்திலுள்ள செசி நம்பரை, அதாவது ஒவ்வொரு வாகனத்துக்கும் தனித்தனியாக உள்ள அடையாள இலக்கத்தை, வாகனப் புத்தகத்தோடும் வாகனத்தில் குத்தியிருக்கும் இலக்கத்தோடும் ஒத்துப் பாருங்கள். ரீகோல் இலக்கம், பழுதான பாகம், அதனால் வரும் ஆபத்து, செய்யப்போகும் திருத்தம் ஆகியவற்றையும் வாசியுங்கள். "திருத்தும்வரை ஓட்ட வேண்டாம்" என்று இருந்தால் காரை அப்படியே நிறுத்திவிட்டு, ஏற்றிக்கொண்டுபோக ஏற்பாடு உண்டா என்று ஏஜென்டிடம் (அந்த நிறுவனத்தின் வாகனங்களை இங்கே இறக்கி விற்பவரிடம்) கேளுங்கள்.

கிண்ணியா உறுப்பினர்:
இங்கே ஓடும் விட்ஸ், அக்சியோ, ஃபிட், வெகன்ஆர் பலவும் ஜப்பானில் பாவித்து வந்தவை. அவற்றுக்குக் கடிதத்தை எதிர்பார்த்திருக்கக் கூடாது. ஏஜென்டின் பதிவில் உங்கள் பெயரே இருக்காது. நாமேதான் தேட வேண்டும். டொயோட்டா, ஹொண்டா, சுசுகி, நிசான் நிறுவனங்களின் ஜப்பானியத் தளங்களில் செசி நம்பர் கொடுத்துத் தேடும் பக்கம் உண்டு. உலாவியின் மொழிபெயர்ப்பே போதும். அமெரிக்கத் தளத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். அது 17 எழுத்துள்ள இலக்கம் கேட்கும், ஜப்பான் உள்நாட்டு வாகனத்துக்கு அப்படி ஒன்று இல்லை. நம்முடையதில் என்இசட்ஈ141 போன்ற முன்பகுதி, ஒரு சிறு கோடு, அதற்குப் பிறகு இலக்கங்கள். பூச்சியத்தையும் 'ஓ' எழுத்தையும் மாற்றிப் போட்டால் சரியான விடை வராது.

சீனக்குடா உறுப்பினர்:
இதில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது தகட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த எயார் பேக். அதை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டருக்குள் எரிந்து வாயு தரும் மருந்தாக அமோனியம் நைத்திரேற்று இருக்கிறது. ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காத வகைகளில், வருஷக்கணக்காக ஈரப்பதனும் சூடு ஏறி இறங்குவதும் அந்த மருந்தைக் கெடுத்துவிடும். விபத்தில் அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கூடு வெடித்து, துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாயும். அமெரிக்காவில் புளோரிடா, ஹவாய் போன்ற வெக்கையும் ஈரமுமான இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்ததற்கு இதுதான் காரணம். நிலாவெளியிலும் மூதூரிலும் வெளியே வெயிலில் நிற்கும் கார்களை எண்ணிப் பாருங்கள்.

தம்பலகாமம் உறுப்பினர்:
டாஷ்போர்டில் எயார் பேக் லைட் சில வினாடி எரிந்து அணைகிறதே, அப்படியானால் நல்லதுதானே?

சீனக்குடா உறுப்பினர்:
இல்லை. அந்த லைட் மின்சுற்றை மட்டுமே பார்க்கிறது. உள்ளே மருந்து கெட்டிருப்பது அதற்குத் தெரியாது. கழற்றிய எயார் பேக்கை மலிவாக வாங்கிப் பூட்டவும் வேண்டாம். அதற்குள்ளும் அதே பழைய இன்ஃப்ளேட்டர் இருக்கலாம். சாதாரண கராஜில் கழற்ற விடாதீர்கள். பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றியபின் டொயோட்டாவில் குறைந்தது 90 வினாடி காத்திருந்துதான் கை வைக்க வேண்டும், எயார் பேக் வயரின் மஞ்சள் கனெக்டரில் மீற்றர் வைத்துப் பார்ப்பதும் ஆபத்து. முன்பக்கப் பயணி எயார் பேக் ரீகோலில் இருந்தால், மாற்றும்வரை அந்த ஆசனத்தில் யாரையும் இருத்தாதீர்கள்.

உவர்மலை உறுப்பினர்:
கொழும்புக்குப் புறப்படுமுன் ஏஜென்டிடம் செசி நம்பரைச் சொல்லி, சாமான் கையிருப்பில் இருக்கிறதா, உங்கள் பெயரில் ஒதுக்கிவைப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஹபரணை தாண்டி அவ்வளவு தூரம் போய் "அடுத்த மாதம் வாங்க" என்று கேட்பதில் பயனில்லை. ஏஜென்ட் இறக்காத வாகனம் என்றால் இலவசமா, கட்டணமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முன்பே ஒருமுறை மாற்றியிருந்தாலும் திரும்பத் தேடிப் பாருங்கள். ஆரம்பத்தில் மாற்றிய சிலவற்றுக்கு அதே வகை இன்ஃப்ளேட்டரையே போட்டதால் இரண்டாவது ரீகோலும் வந்தது. வேலை முடிந்ததும் ரீகோல் இலக்கம், செசி நம்பர், திகதி மூன்றும் பில்லில் இருக்கட்டும். காரை விற்கும்போது அதை வாகனப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.